முன்பல்லுக்கு உப்புத்தாள் போட்டேன்

வாய்க்குள் கடுகளவு மேடு இருந்தாலும் நாக்குக்கு அது மலை. கவலைக்காரனின் நாக்கு என்றால் கேட்கவே வேண்டாம்.

திரேஸ்புரத்தில் ஃபைபர் படகுகளுக்கு ஓட்டை அடைப்பது என் தொழில். ஒருநாள் படகிலேயே வழுக்கி விழுந்து முன்பல் பாதி போனது. மகள் ஷைனிக்கு மணப்பாட்டில் மாப்பிள்ளை பேசி, நிச்சயத்துக்கு நாள் குறித்திருந்த நேரம். பல் டாக்டரம்மா செராமிக்கில் ஓர் உறை செய்து மாட்டினார். அசல் பற்கள் வெட்கப்படும் அழகு. "கடிக்கும்போது இடிச்சா உடனே வாங்க, சரி பண்ணித் தாரேன்" என்றும் சொன்னார்.

இடித்தது. பல்லின் பின்பக்கம், லேசாக. டாக்டரம்மாவிடம் போயிருக்கலாம். (போகிற ஆளாக இருந்தால் இதை ஏன் எழுதுகிறேன்?) உறையைக் கழற்றிவிட்டால்? நிச்சயத்துக்குள் திரும்ப மாட்டாவிட்டால்? பொக்கைவாயன் மகள் வேண்டாமென்று மணப்பாட்டார் எழுந்து போய்விட்டால்? எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு இத்தனை கேள்விகள் எங்கிருந்துதான் வருமோ!

படகில் ஒட்டுப்போடும் முன் உப்புத்தாளால் சொரசொரவென்று தேய்ப்போம். அப்போதுதான் பிடிக்கும், உறுதி வரும். எனக்குத் தெரிந்த ஒரே விஞ்ஞானம் அது. மூன்று நாள், காலையும் மாலையும், கண்ணாடி முன் வாயைப் பிளந்து நின்று பல்லின் பின்பக்கத்தைத் தேய்த்தேன்.

"என்ன செய்யுதீய?" என்றாள் மனைவி ஜெசிந்தா.

"பல்லுக்கு ஃபினிஷிங்."

"அது பல்லுங்க, வள்ளமில்ல!"

மேடு போய்விட்டது. அவளைப் பார்த்து வெற்றிச் சிரிப்பு வேறு சிரித்தேன்.

நிச்சயத்தன்று தட்டு மாற்றியதும் மாப்பிள்ளையின் அப்பா என் வாயில் மக்ரூன் ஊட்டினார். முட்டை வெள்ளையும் சர்க்கரையும் முந்திரியும் சேர்ந்த நுரை அது. பல் முளைக்காத பிள்ளையும் தின்னும். நான் கடித்தேன். 'டக்'கென்றது. பாதிப் பல் அவர் உள்ளங்கையில் கிடந்தது.

ஷைனியைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. கல்யாணம் நின்றதென்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

சம்பந்தி தன் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வாய்க்குள் விரலை விட்டு, தன் மேல் பல்செட்டை முழுசாகக் கழற்றி என் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஒத்தப் பல்லுக்கா அண்ணாச்சி இந்த மூஞ்சி? நமக்கு மொத்தமும் கழலும்!"

"அய்ய, அத மாட்டுங்க! போட்டோ எடுக்கான்!" என்று அலறினார் அவர் மனைவி.

ஷைனிதான் முதலில் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் காப்பாற்றித் தந்த மனிதரை என் ஜெபத்தில் இன்றுவரை விட்டதில்லை.

மறுநாள் டாக்டரம்மா துண்டை லென்சில் காட்டினார். உழுத வயல் மாதிரிக் கீறல்கள்.

"மக்ரூன் மேல பழி போடாதீங்க அண்ணாச்சி. கண்ணாடி வெட்டுதவர் ஒரு கோடு கிழிச்சுட்டுத் தட்டுவாருல்லா? நீங்க மூணு நாளா கோடு கிழிச்சிருக்கீங்க. செராமிக் வழவழன்னு இருந்தாத்தான் தாங்கும். கீறல் விழுந்தா அங்கனதான் பிளக்கும்."

அதற்குமேல் ஒரு சொல் திட்டவில்லை. புது உறை மாட்டி, இடித்த இடத்தை இழைத்து, ரப்பர் சக்கரத்தாலும் ஏதோ பசையாலும் பளபளவென்று மெருகேற்றிய பிறகுதான் என்னை எழ விட்டார். அது இன்றும் கல்லாக நிற்கிறது.

ஆனால் யார் நம்புகிறார்கள்? மணப்பாட்டுக்குப் போனால் பல்செட்டுக்காரச் சம்பந்தி நண்டுக் காலைக் கடித்து நொறுக்குகிறார். எனக்கு மட்டும் தேங்காய்ப்பாலில் ஊறிய இடியாப்பம். அதையும் அவரே பிசைந்து தந்துவிட்டு, வீடே கேட்கும்படி எச்சரிக்கிறார்:

"பாத்து அண்ணாச்சி, உள்ள ஒரு ஏலக்கா கிடக்கு!"