குதிகால் அண்ணனின் கால்

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் இருநூறு பேருக்கும் முகம் என்று ஒன்று இருப்பது குதிகால் அண்ணனுக்குத் தெரியாது. அவர் பார்ப்பதெல்லாம் முழங்காலுக்குக் கீழேதான். டிஸ்பேட்ச் செக்‌ஷனில் பெட்டிகளைச் சரிபார்த்து லாரியில் ஏற்றுவது அவர் வேலை. அதற்கு முன்னால் பதினைந்து வருஷம் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டியவர். அந்தப் புத்தி போகவில்லை.

ஒருநாள் ஜெனரல் மேனேஜர் எங்களை வரிசையாக நிற்கவைத்துக் காய்ச்சிக்கொண்டிருந்தார். பின்வரிசையிலிருந்து அண்ணன் குரல் வந்தது.

"சார், அப்பால திட்டலாம். உங்க இடது கட்ட வெரல் நகம் சதைக்குள்ள வளந்துகினு கீது. ஷூவ கயட்டுங்க."

அண்ணனுக்கு இன்றோடு வேலை போயிற்று என்றே முடிவு செய்தோம். மேனேஜர் முறைத்தார். பிறகு, நம்பமாட்டீர்கள், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். விரல் தக்காளி மாதிரி சிவந்து வீங்கியிருந்தது. கூட்டம் அத்துடன் கலைந்தது.

என் முறை கேண்டீனில் வந்தது. பேன்ட் பொத்தான் போட முடியாத நிலையில் நான் சோழவரம் ஏரிக்கரையில் ஓட ஆரம்பித்திருந்தேன். முதல் வாரம் இரண்டு கிலோமீட்டர். அடுத்த வாரம் எட்டு. மூன்றாவது வாரம் கட்டிலை விட்டு இறங்கினால் குதிகாலில் ஆணி அடித்தது போல் வலி. பத்தடி நடந்தால் குறைந்துவிடும். யாரிடமும் சொல்லவில்லை. சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருக்கும்போது மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கை என் கணுக்காலைப் பிடித்தது. குதிகால் அண்ணன் கீழே குந்தியிருந்தார்.

"காலைல மொத அடி வெக்கசொல்லோ சுள்ளுனு ஏறுதா?"

"ஆமாண்ணா. யாரு சொன்னது?"

"உன் நடதான் சொல்லுது."

சொல்லிக்கொண்டே என் விரல்களை மேல்பக்கம் வளைத்து, குதிகாலின் உள்ஓரத்தில் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். நான் போட்ட சத்தத்தில் பரிமாறிய அக்கா கரண்டியைக் கீழே போட்டார். யாரோ ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார்கள், எனக்கு ஷாக் அடித்துவிட்டது என்று நினைத்து.

"இங்கருந்து வெரலு வரைக்கும் அடியில தோலு பெல்ட்டு மாதிரி ஒண்ணு போவுது," என்றார் அண்ணன், ஒன்றும் நடக்காதது போல. "தூங்கசொல்லோ சுருங்கி கெடக்கும். படக்குனு எயுந்து மிதிச்சா வலிக்காம இன்னா பண்ணும்? ஒரே வாரத்துல ரெண்ட எட்டாக்கினியே, யாருனா தொரத்துனாங்களா உன்ன?"

ஓட்டத்துக்குத் தடை போட்டார். மறுநாள், தண்ணீரை உறையவைத்த ஒரு பாட்டிலைத் துண்டில் சுற்றி எடுத்துவந்து என் மேஜைக்கு அடியில் வைத்தார். அதைப் பாதத்தால் உருட்ட வேண்டும். கட்டிலை விட்டு இறங்குமுன் துண்டை விரல்களில் மாட்டி இழுக்க வேண்டும். சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்ட வேண்டும். என் ஷூவை ஈரத்துணி பிழிவது போல முறுக்கிப் பார்த்துவிட்டு, "இது ஷூவா, அப்பளமா?" என்றார். புதிது வாங்கினால் கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்காலத்தில்தான் வாங்க வேண்டும் என்பது உத்தரவு. இரண்டு மாதத்தில் வலி போயிற்று.

அந்தத் தெம்பில் நாங்கள் நாலு பேர் நாகலாபுரம் மலை ஏறக் கிளம்பினோம். கூப்பிடாமலே அண்ணனும் வந்தார். எங்கள் குதிகால்களைப் பார்த்தபடி கடைசியாக ஏறினார். இறங்குமுன் எல்லோருடைய லேஸையும் அவரே இறுக்கிக் கட்டினார். "எறங்கசொல்லோ வெரலு முன்னால போயி இடிக்கும், அப்பால நகம் கறுத்துப்பூடும்," என்றார்.

அடிவாரத்து ஓடையில் கால் கழுவ அவர் ஷூவைக் கழற்றினார். சாக்ஸ் முழுக்க ரத்தம். ஷூவின் அடியைத் துளைத்து ஏறிய கருவேல முள் ஒன்று பாதத்துக்குள் ஒடிந்து நின்றது. அவரோ யாருடைய காலையோ பார்ப்பது போலக் குனிந்து பார்த்தார்.

"எப்பண்ணா குத்துச்சி?"

"தெர்லப்பா." சாக்ஸைப் பிழிந்துகொண்டே சொன்னார். "சக்கர நோவு. மூணு வருசமா என் காலு எங்கிட்ட பேசறதில்ல. கல்லு மேல வெச்சாலும் பஞ்சு மேல வெச்சாலும் ஒண்ணுதான்."

நான் பாறையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அன்னிக்கு கேண்டீன்ல நீ கத்துனியே," என்றார். "எனுக்கு பொறாமையா இருந்துச்சி நைனா."

முள்ளைத் தானே பிடுங்கப் போனவரின் கையைப் பிடித்துத் தடுத்தேன். தூக்கிக்கொண்டு வந்து, காரில் போட்டு, திருவள்ளூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். டாக்டர் முள்ளை எடுத்தார். அதைவிட அதிர்ச்சி, மற்றொரு காலின் விரலிடுக்கில் பழைய புண் ஒன்று இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார்.

"ஊர்ல எல்லார் காலையும் பாப்பீங்களாமே, உங்க காலை நீங்க பாக்கறதில்லையா?" என்று கேட்டார் டாக்டர்.

"பயமா இருந்துச்சி சார்."

அவ்வளவு சின்னக் குரலில் அண்ணன் பேசி நான் கேட்டதில்லை.

ஒன்றரை மாதத்தில் ஆறி, வேலைக்கு வந்தார். இப்போது தினமும் ஷிஃப்டுக்கு முன்னால் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றுகிறார். நான் செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு விரலிடுக்காகப் பார்க்கிறேன்.

"இன்னா கீது?"

"ஒண்ணும் இல்லண்ணா. சுத்தமா கீது."

லீவு நாளில் வண்டியை எடுத்துக்கொண்டு புதுவாயலில் உள்ள அவர் வீட்டுக்கே போய்விடுகிறேன். அங்கே அவர் மனைவி எனக்கு முன்பே பார்த்து முடித்திருப்பார். இருந்தாலும் நானும் ஒரு தடவை பார்த்தால்தான் எனக்கு நாஷ்டா இறங்குகிறது.