வழுக்கை டயரும் வருங்கால மாமனாரும்

வருடத்தில் ஒரே ஒரு நாள் செய்யப்போகும் காரியத்துக்காக மற்ற நாட்களையெல்லாம் கெடுத்துக்கொள்ளும் மடையர்கள் உண்டு. இருபத்தெட்டு வயதில், விருதுநகர் மாவட்ட அளவில் அந்த வகையில் முதலிடம் எனக்குத்தான். போட்டிக்கு யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

அப்போது சிவகாசியில் ஒரு அச்சகத்தில் சூப்பர்வைசராக இருந்தேன். விருதுநகரிலிருந்து திருத்தங்கல் வழியாகத் தினமும் போய்வர ஒரு சின்னக் கார். எனக்கு முன்னால் மூன்று பேர் ஓட்டிக் களைத்த கார் அது. கோயம்புத்தூர் பக்கத்துப் பந்தயத் தளத்தில் சொந்தக் காரைக் கொண்டுவந்து ஒரு நாள் ஓட்டலாம் என்று விளம்பரம் பார்த்தேன். பெயர் கொடுத்தேன். அன்றிலிருந்து என் முகமே மாறிவிட்டது. மொபட்டை முந்தும்போதுகூடத் தாடையை இறுக்கிக்கொண்டேன்.

யூடியூப்பில் ஒரு வாரம் படித்து டயர் நிபுணன் ஆனேன். தினசரி ஓட்டத்துக்கும் பந்தயத்துக்கும் ஒரே டயர் என்று முடிவுசெய்து, கோயம்புத்தூரிலிருந்து நான்கு டயர்களை வரவழைத்தேன். மெத்தென்ற ரப்பர்; பேருக்கு நாலு கீறல்; மற்றபடி மொட்டை. அவற்றை மாட்ட பைபாஸில் டயர்க் கடை வைத்திருந்த செல்வராணி அக்காவிடம் போனேன்.

அக்கா டயரைத் தடவிப் பார்த்தார். “தெனம் எங்கன ஓட்டுறீக தம்பி?”

“சிவகாசிக்குத்தாங்க்கா.”

“ரேஸு எத்தன நாளு?”

“வருசத்துக்கு ஒரு நாள்.”

“அப்ப மத்த நாளெல்லாம்?”

நான் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே ஒன்று வைக்கலாம்போல இருக்கிறது.)

“ரெண்டுக்கும் ஒரே டயருதான்னா, ரோட்டுக்குன்னு செஞ்சதுல நல்லாப் புடிக்கிறதா, தண்ணி ஓட ஆழமா வரி உள்ளதா போடுங்க. ரேஸுல கொஞ்சம் மெதுவாப் போனா என்ன கொறஞ்சா போகும்? இதுதான் வேணும்னா வீலோட தனியா வச்சுக்கிட்டு, அங்கன போயி மாட்டிக்கோங்க. சூடேறுனாத்தான் இது புடிக்கும். மழையில நிக்கவே நிக்காது.”

“விருதுநகர்ல மழையாக்கா?” என்றேன், ஏதோ வானிலை இலாகாவே என் பொறுப்பில் இருப்பதுபோல. அக்கா ஜாக்கியை எடுத்தார். மாட்டிக் கொடுத்தார்.

நான்காம் நாள் என் வருங்கால மாமனார் வந்தார். எனக்குப் பேசி முடித்திருந்த மெர்சியின் அப்பா, அருப்புக்கோட்டையில் இயற்பியல் ஆசிரியர். கல்யாணக் கார்டு எங்கள் அச்சகத்தில்தான் அடிப்பதாக இருந்தது. அவர் வந்து பிழைதிருத்திக் கையெழுத்துப் போட்டால் அன்று மாலையே மெஷினில் ஏறிவிடும். “பஸ்ஸிலயே சிவகாசி வந்துருதேன் மாப்ள” என்றவரை நான்தான் விடவில்லை. விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் கூலிங்கிளாஸோடு நின்று ஏற்றிக்கொண்டேன்.

திருத்தங்கல் வருவதற்குள் வானம் கறுத்தது. முதலில் பெரிய பெரிய துளிகள். பிறகு கொட்டோ கொட்டென்று கொட்டியது. மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டு, “மெதுவாப் போங்க மாப்ள” என்றார்.

“இது ரேஸ் டயர் மாமா, பசை மாதிரி ஒட்டிக்கும்.”

முன்னால் போன பட்டாசு கம்பெனி வேன் பெண்களை இறக்கிவிட நின்றது. நான் பிரேக்கை அழுத்தினேன். கார் அதைப் பொருட்படுத்தவில்லை. போன வேகத்திலேயே போனது. பதறிப்போய் ஸ்டீயரிங்கை ஒடித்தேன். வேனைத் தொடாமல் தப்பித்தோம். ஆனால் கார் நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றி, பின்பக்கமாகவே சாலையோரக் கரிசலில் இறங்கி உட்கார்ந்தது. மாமா மேலே இருந்த பிடியை இரண்டு கையாலும் பற்றியிருந்தார்.

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. நான் ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். டயர்கள் கரிசல் மண்ணைக் கடைந்து மாவாக்கிப் பின்னால் வீசின. தள்ளுவதற்காகப் பெருந்தன்மையோடு அப்போதுதான் இறங்கிப் பின்னால் போன மாமாவின் வெள்ளைச் சட்டை முழுக்க அப்பியது. (மூக்குக் கண்ணாடியிலும். அதைத் துடைக்காமலே என்னைப் பார்த்தார்.)

வேனிலிருந்து பெண்கள் ஓடிவந்தார்கள். கையெல்லாம் வெள்ளி மருந்துப்பொடி. ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். ஒரு அக்கா குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

“ஏ, இங்கன பாருங்கடி, டயரு வளுக்கையா இருக்கு! எத்தன வருசமா தம்பி மாத்தாம ஓட்டுறீக?”

“புதுசுக்கா. நாலு நாளுதான் ஆச்சு.”

“புதுசாவே இப்பிடித்தான் குடுத்தாகளா? உங்கள நல்லா ஏமாத்திட்டாக தம்பி. போயிக் கேளுங்க!”

நானே தேடிப்பிடித்து வாங்கினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. “கேக்கேன்க்கா” என்றேன். சொன்னவர்களே தள்ளி, காரைச் சாலையில் ஏற்றிவிட்டார்கள்.

அச்சகத்தில் கார்டின் மாதிரி மேஜைமேல் காத்திருந்தது. மாமா வாசித்தார். பிழை ஒன்றும் இல்லை. பேனாவைத் திறந்தார், மூடினார். “இன்னைக்கு அடிக்க வேண்டாம்” என்றார்.

மதுரையில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்த மெர்சியை அவர் என் முன்னாலேயே போனில் கூப்பிட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். ஸ்பீக்கரில் அவள் குரல் கேட்டது: “டயர்தானப்பா சரியில்ல, ஆளு நல்ல ஆளுதான்.”

“அந்த ஆளுதானம்மா டயரத் தேர்ந்தெடுத்தது.”

மெர்சி சொன்னாள்: “சரி, மாத்தச் சொல்லுங்க. மாத்துனா ஆளு திருந்துவாருன்னு அர்த்தம். மாத்தாட்டி எனக்கும் வேண்டாம்.”

மறுநாள் காலையில் மாமாவே திரும்ப வந்தார், பஸ்ஸில், நேராக டயர்க் கடைக்கு. செல்வராணி அக்காவும் அவரும் அரைமணி நேரம் டயர் பேசினார்கள். ஈரத் தரை, உராய்வு, வரி ஆழம் என்று ஒரு வகுப்பே நடந்தது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ஆழமான வரியுள்ள ரோட்டு டயர் நான்கும் ஏறிய பிறகுதான் கார்டில் கையெழுத்து விழுந்தது.

பந்தயத் தளத்துக்கும் அந்த டயரிலேயே போனேன். ஒரு சுற்று என்னோடு வந்த பயிற்சியாளர் இறங்கும்போது, “டயர் அருமையா இருக்கு சார். அத வச்சு இன்னும் எவ்வளவோ வேகமா ஓட்டலாம், வேற யாராவது” என்றார்.

கல்யாணமாகி ஒன்பது வருடமாகிறது. இன்றும் மாமா என் காரில் ஏறுமுன் நான்கு சக்கரத்தையும் சுற்றிவந்து கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். ஏறி உட்கார்ந்ததும் கண்ணை மூடி ஜெபம் செய்வார். “ஆண்டவரே, முன் டயர் ரெண்டையும் பின் டயர் ரெண்டையும் உம்முடைய கரத்தில் ஒப்படைக்கிறோம்.” ஓட்டுபவனைப் பற்றி ஒரு வார்த்தையும் வராது. பின் சீட்டிலிருந்து என் மகள்தான் எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொல்வாள்.