ரெண்டு கிலோ கழித்து எண்பத்து நான்கு

இந்த உலகத்தில் எந்தப் பொருளையும் அதன் முழு எடையில் நம்பாத ஒரே மனிதர் எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை 'ரெண்டு கிலோ' ஐயாதான். இமயமலையையே தூக்கிவந்து தராசில் வைத்தாலும், "பனி புடிச்சிருக்கு, ரெண்டு கழிச்சிக்குங்க" என்றுதான் சொல்லியிருப்பார்.

வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி, முக்கால் மணி நேரம் மேட்டில் மூச்சு வாங்கினால் எங்கள் தேயிலைத் தோட்டம் வரும். இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு சில வருடங்கள் அங்கே நான் சின்னக் கிளாக்கர். சாயங்காலம் பெண்கள் கொழுந்துச் சாக்கைச் சுமந்து, எடை போடும் மடுவத்துக்கு வருவார்கள். ஐயா தராசைப் பார்த்து எடையைச் சொல்வார், நான் எழுதுவேன். தராசு இருபது காட்டினால் ஐயாவின் வாய் பதினெட்டு என்னும். சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று. மழை கொட்டினாலும் அதுதான், மூன்று வாரம் வானம் காய்ந்து கிடந்தாலும் அதுதான்.

"வெயிலு பல்லக் காட்டுது, இதுல எங்கங்கய்யா ஈரம்?" என்று மாரியாயி அக்கா கேட்பார். கொழுந்து எடுப்பதிலும் சரி, கேள்வி கேட்பதிலும் சரி, அந்த மலையில் முதல் ஆள் அவர்தான்.

"வேர்வ இருக்குல்ல" என்பார் ஐயா, தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தோட்டத்தை நடத்தும் துரை சொல்லித்தான் இப்படிச் செய்கிறார் என்று முதலில் நினைத்தேன். ஒரு நாள் அவரோடு தலவாக்கலை பஜாருக்குப் போனபோது அந்த நினைப்பும் போயிற்று. மீன்கடை நானா ஒன்றரைக் கிலோ பாரை மீனை நிறுத்துக் காட்டினார். ஐயா பார்த்தார். "தண்ணி சொட்டுது நானா. ரெண்டு கழிங்க" என்றார். நானா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அப்படிக் கழிச்சா இந்த மீனு இன்னும் கடல்ல பொறக்கவே இல்லைங்களே ஐயா."

ஐயாவுக்குப் பேரன் பிறந்தபோது தோட்டத்து மருத்துவச்சியம்மா குழந்தையை நிறுத்து, "மூணு கிலோ, நல்ல புள்ள" என்று சந்தோஷமாகச் சொன்னார். "துணியோடதானே நிறுத்தீங்க?" என்று கேட்டார் தாத்தா. அதற்காக அவர் மனைவி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. சாப்பாட்டை மட்டும் வைத்துவிட்டுப் போனார், அதுவும் ரெண்டு ரொட்டி குறைத்து.

இப்படி ஊரையெல்லாம் கழித்துக்கொண்டிருந்த மனிதர் தன் உடம்பில் மட்டும் கூட்டிக்கொண்டே போனார். மலையேறி மலையேறி வற்றிப்போன ஜனங்கள் நாங்கள். தோட்டத்தில் தொந்தி என்றால் கோயில் பிள்ளையாருக்கு அடுத்தது ஐயாவுக்குத்தான். கூடவே சீனி வருத்தமும், அதாவது நீரிழிவும், வந்து உட்கார்ந்துகொண்டது. பொகவந்தலாவையில் இருந்த அவருடைய அண்ணனுக்கு அதே வருத்தத்தில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். பார்த்துவிட்டு வந்தவர் இரண்டு நாள் தன் காலையே தடவிக்கொண்டிருந்தார். கழிக்க மட்டும் மறக்கவில்லை.

ஒரு மழைக்காலத்தில் ஐயாவின் இடது கால் விரலை அட்டை கடித்தது. மலையில் அட்டைக்கடி ஒரு சங்கதியா? சுண்ணாம்பைத் தடவிவிட்டு வேலையைப் பார்ப்போம். ஐயாவுக்கு மட்டும் அது புண்ணாகி, இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. மாத்திரைக்கும் சீனி இறங்கவில்லை. தோட்டத்து டாக்டர் கடைசியில் சொன்னார்: வயிற்றைச் சின்னதாக்கும் ஒப்ரேசன் ஒன்று கொழும்பில் செய்கிறார்கள், உடம்பு குறைவதோடு சிலருக்குச் சீனியும் இறங்குகிறது, போய்க் கேட்டுப் பாருங்கள். ஒரு கடிதமும் கொடுத்தார். மூன்று மாதம் வாராவாரம் எடை பார்த்து ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போக வேண்டும் என்றார்.

சனிக்கிழமை தோறும் மூட்டை நிறுக்கும் பெரிய தராசில் ஐயா ஏறி நின்றார். நான் பார்த்து, "எண்பத்தாறு" என்றேன்.

"எண்பத்தி நாலு போடுங்க தம்பி."

"ஏங்கய்யா?"

"கட்டியிருக்கிற சாரத்துக்கு ஒண்ணு, ஈரத்துக்கு ஒண்ணு."

எழுதினேன். பன்னிரண்டு சனிக்கிழமையும் எழுதினேன். என்னையும் சேர்த்துத்தான் திட்ட வேண்டும்.

கொழும்பில் டாக்டர் யாழ்ப்பாணத்து ஆள், பொறுமையானவர். துணைக்கு நானும் போயிருந்தேன். கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஐயாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஐயா, இந்த நிறை காணாது" என்றார்.

ஐயா தன் தொந்தியை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார். "பத்தாதுங்களா?"

"வழமையா உங்களவிடப் பாரமான ஆக்களுக்குத்தான் நாங்கள் செய்யிறது. சீனி வருத்தம் கட்டுப்படாமல் இருக்கிறபடியா, உங்கட உயரத்துக்கு எண்பத்தஞ்சுக்கு மேல எண்டால் யோசிக்கலாம். நீங்க எண்பத்து நாலு எல்லே. எதுக்கும் இதில ஒருக்கா ஏறுங்கோ."

அது கண்ணாடி பதித்த மின்சாரத் தராசு. எண்பத்தாறு என்று சிவப்பில் எரிந்தது.

"இதுல ஈரம் கழிக்கல டாக்டரய்யா" என்றார் ஐயா.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"ஐயா, உங்கட கொப்பி சரியெண்டால் ஒப்பரேசன் இல்லை. என்ர தராசு சரியெண்டால் நீங்க தாராளமா யோசிக்கலாம். ஆனா ஒண்டு சொல்லுறன், கேளுங்கோ. இந்த நிறையில செய்யிறது கட்டாயம் இல்லை. சீனி இறங்கலாம், இறங்காமலும் விடலாம். சாகும் வரைக்கும் கொஞ்சமாத்தான் சாப்பிட வேணும், விற்றமின் குளிசை போட வேணும், வந்து காட்ட வேணும். வீட்ட போய் யோசிச்சு முடிவெடுங்கோ."

திரும்பி வரும் ரயில் நாவலப்பிட்டி தாண்டியதும் ஐயா விரலில் சுற்றிய துணியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டார். பிறகு சொன்னார்: "அண்ணன் மாதிரி வாசல்ல குந்திக்கிட்டு, போறவன் வாறவன் காலப் பாத்துக்கிட்டிருக்க என்னால முடியாது தம்பி. எனக்குக் காலு வேணும். ஆனா வயித்த அறுத்து செரட்ட அளவாக்கிட்டா உசுரோட திரும்பி வருவேனான்னும் பயமா இருக்கு."

"கொப்பிய மாத்தி எழுதிருவோமாங்கய்யா?"

ஐயா கொப்பியை மடியில் வைத்துப் புரட்டினார். "இந்தக் கொப்பி பொய்யின்னா கொழுந்துக் கொப்பியும் பொய்யிதானே தம்பி" என்றார். நான் கொப்பியை வாங்கிப் பையில் வைத்தேன். மீன் ரோல் விற்கிறவன் வந்தான். ஐயா நாலு வாங்கி நாலையும் தின்றார்.

தோட்டத்தில் செய்தி பரவியது. ஒப்ரேசன் பற்றி யாருக்கும் கவலை இல்லை, ஐயா பத்தாது என்று கொழும்பில் சொல்லிவிட்டார்கள் என்பதுதான் பெரிய அவமானமாகிப் போயிற்று. "எங்கய்யாவே பத்தாதுன்னா, கொழும்புல என்னாதான் தின்கிறாங்க?" என்று தொழிலாளர் லயத்தில் பேசிக்கொண்டார்கள். ஐயா முடிவெடுக்காமல் திரிந்தார். கோயிலில் பூ வைத்துக் கேட்டார், தபால்காரரைக் கேட்டார், ஒரு நாள் என் பூனையிடம் பேசிக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். விரல் புண் மட்டும் ஆறாமல் பெரிதாகிக்கொண்டு வந்தது.

ஒரு சனிக்கிழமை, கொழுந்து நிறுக்குமுன், மடுவத்தில் நின்ற பெண்களிடமே கேட்டுவிட்டார். "என்னாம்மா சொல்றீங்க? ஒப்ரேசன் செஞ்சிக்கவா, வேணாமா?"

மாரியாயி அக்கா சாக்கை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தார். "இருவது வருசமா எங்க கொழுந்துல கழிச்சீங்களே, ஒரு நாளாச்சும் எங்களக் கேட்டீங்களா? இப்ப ஒங்க ஒடம்புல கழிக்க மட்டும் எங்களக் கேக்குறீங்க."

வரிசையில் நின்ற பெண்கள் தங்கள் சாக்குகளையும் இறக்கி வைத்தார்கள். நான் கொப்பியைத் திறந்து குனிந்துகொண்டேன். ஐயா கோபப்படுவார் என்று பார்த்தால், செருப்பைக் கழற்றிவிட்டுப் பெரிய தராசில் ஏறி நின்றார். அன்றைக்கு விரலில் சுற்றியிருந்த துணியில் நீர் ஊறியிருந்தது. நிஜமாகவே ஈரம்.

"நீயே பாத்துச் சொல்லு மாரியாயி."

"எண்பத்தாறுங்க." அக்கா கொஞ்சம் தயங்கினார். "எத்தன போடணும்?"

ஐயா காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "முழுசாப் போடுங்க தம்பி" என்றார்.

இருபது வருடத்தில் அந்த மடுவத்தில் முதன்முதலாக ஒன்று முழு எடையில் எழுதப்பட்டது. அதோடு நிற்கவும் இல்லை. அடுத்து மாரியாயி அக்காவின் சாக்கு இருபது காட்டியது. "பத்தொம்போது" என்றார் ஐயா. "சாக்குக்கு ஒண்ணு. இன்னிக்கி ஈரம் இல்ல." நான் பழக்கத்தில் பதினெட்டு என்று எழுதி, அடித்துத் திருத்தினேன். துரை இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்தார். "மழ பெஞ்சா கழிக்கிறேங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

ஒப்ரேசனுக்குப் போகிற அன்று வட்டகொடை ஸ்டேஷனுக்கு ஒரு கூட்டமே வந்தது. திட்டிக்கொண்டேதான் வந்தார்கள். மாரியாயி அக்கா திருநீறு பூசிவிட்டு, "போயிட்டு ஒழுங்கா வந்து சேருங்க. புதுசா வாற கணக்கப்பிள்ள மூணு கிலோ கழிச்சா நாங்க என்னா செய்யிறது?" என்றார். ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

உயிரோடுதான் வந்தார். சீனி முழுதாகப் போகவில்லை, பாதிக்கு மேல் இறங்கியது. புண் மெல்ல மெல்ல ஆறியது. சாப்பாடுதான் கோழிக்குஞ்சின் அளவு. அரை ரொட்டியை அரை மணி நேரம் மெல்லுவார், பார்க்கிற நமக்குத் தாடை வலிக்கும்.

சில மாதம் கழித்து, வேலைக்குத் திரும்பிய முதல் சனிக்கிழமை, பழக்கதோஷத்தில் பெரிய தராசில் ஏறினார். காற்சட்டையை இடுப்பில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. எப்போதும் சிரிக்கிற பெண்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. மாரியாயி அக்கா குனிந்து முள்ளைப் பார்த்தார். அறுபத்தொன்பது.

"எழுபத்தி ஒண்ணு போடுங்க தம்பி" என்றார் என்னிடம்.

"அறுபத்தொன்பதுதானே அக்கா காட்டுது?"

"எங்க கொழுந்துல எத்தனையோ ரெண்டு கிலோ போச்சு. அதெல்லாம் அவரா எடுத்தது. இந்த ரெண்டு நாங்களா குடுக்கிறது. போடுங்க."

 ஐயா தராசில் நின்றபடியே குனிந்து தன் இரண்டு கால்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுபத்தொன்று என்றே எழுதினேன்.