பத்து நிமிடத்தில் பிரியாணி

ஓர் ஊருக்கு வந்து நான்கு மாதமே ஆனவன், அங்கேயே பிறந்தவனைவிட அந்த ஊரைப் பற்றி அதிகம் பேசுவான். நானும் பேசினேன். திருநெல்வேலியிலிருந்து வந்து, ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராகச் சேர்ந்திருந்த புதிது.

எங்கள் துறை மாநாடு அந்த வருடம் ஓசூரிலேயே நடந்தது. மதிய அமர்வில் நான் என் வாழ்க்கையின் முதல் கட்டுரையை வாசிக்க வேண்டும். தலைமை தாங்க வந்திருந்த திருச்சிப் பேராசிரியை வசந்தா மேடம், "சாப்பாட்டு நேரத்துல ஊரைக் கொஞ்சம் பாக்கலாமா?" என்று பொதுவாகக் கேட்டார். முதல் ஆளாகக் கை தூக்கினேன். (மற்றவர்கள் உள்ளூர்க்காரர்கள். அவர்களுக்கு மதிய நேர டிராஃபிக் தெரியும்.)

மேடத்தை என் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். சந்திரசூடேஸ்வரர் மலை வரை எல்லாம் நன்றாகவே நடந்தது. மேலிருந்து பார்த்த கூரைக்கெல்லாம் ஏதோ ஒரு கம்பெனி பெயர் சொன்னேன். (பாதி கற்பனை.) கீழே இறங்கியதும், நான் பெருமையடித்திருந்த பிரியாணிக் கடையைப் பற்றி மேடம் கேட்டார்.

"பிரியாணிக் கடை எவ்வளவு தூரம் தம்பி?"

"பத்தே நிமிஷம் மேடம். கண்ணைக் கட்டி விட்டாக்கூடப் போயிருவேன்."

சர்வீஸ் ரோட்டில் இறங்க வேண்டிய இடத்தைப் பேச்சு சுவாரசியத்தில் தாண்டிவிட்டேன். அப்புறம் திரும்ப வழியே இல்லை. முன்னால் லாரி, பின்னால் லாரி, பக்கத்தில் கம்பெனி பஸ். கர்நாடக எல்லையை ஒட்டிய ஜூஜுவாடியில் வண்டி நின்றேவிட்டது.

இருபது நிமிடம் கழித்து மேடம் மெதுவாகச் சொன்னார். "தம்பி, சாப்பாட்டுக்கு முன்னாடி போடற இன்சுலின் ஊசியை, மலையிலேர்ந்து இறங்கி கார்ல ஏறினதுமே போட்டுக்கிட்டேன். பத்து நிமிஷம்னு சொன்னீங்களே..."

திரும்பிப் பார்த்தேன். அவர் நெற்றியெல்லாம் வியர்வை. விரல்கள் நடுங்கின.

"சர்க்கரை இறங்குது தம்பி. இனிப்பா ஏதாவது இருக்கா?"

காரைத் துழாவியதில் ஒரு சூயிங்கம் கிடைத்தது. சர்க்கரை இல்லாத ரகம். மறுநாள் பேப்பரில் என் போட்டோ வருவதுவரை யோசித்துவிட்டேன்.

ஊர்ந்து ஊர்ந்து எல்லையைத் தாண்டி, அத்திப்பள்ளியில் ஒரு டீக்கடை முன் நிறுத்தி ஓடினேன். கர்நாடகம் ஆயிற்றே என்று, தெரிந்த கன்னடத்தையெல்லாம் திரட்டினேன். சர்க்கரை நோய்க்கு அவர்கள் சொல்லும் வார்த்தை எப்படியோ நினைவில் இருந்தது. சீக்கிரம் என்பதற்கு 'பேக'.

"அண்ணா, மேடம்கே சக்கரே காயிலே! பேக, பேக!"

கடைக்காரர் காரைப் பரிவோடு பார்த்தார். சரசரவென்று ஒரு டீ ஆற்றிக் கொடுத்தார். ஓடிப்போய் மேடத்திடம் நீட்டினேன். ஒரு வாய் குடித்தவர், "இதுல சர்க்கரையே இல்லையே தம்பி" என்றார், அழாத குறையாக.

திரும்ப ஓடினேன். "சக்கரே எல்லி?" சர்க்கரை எங்கே என்று கேட்டேன்.

"சக்கரே காயிலேக்கே சக்கரே கொடபாரது சார்" என்றார் அவர். சர்க்கரை நோய்க்காரருக்குச் சர்க்கரை கொடுக்கக் கூடாதாம்!

அதற்குள் மேடமே காரைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்து, சர்க்கரை டப்பாவில் கைவிட்டு அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். "ஊசி போட்டுட்டு சாப்பிடலைங்க. மயக்கமா வருது."

"அட, தமிழ்லயே கேட்டிருக்கலாமே சார்! நான் பர்கூர்க்காரனுங்க" என்று பதறிப்போய் ஸ்டூல் எடுத்துப் போட்டார் கடைக்காரர். இரண்டு பன், இரண்டு வாழைப்பழம். அதுதான் மேடத்துக்கு நான் அளித்த ஓசூர் விருந்து. அவர் நெற்றி காயும்வரை நான் மூச்சே விடவில்லை.

முக்கால் மணி நேரம் தாமதமாக அமர்வு தொடங்கியது. 'பிழைகளை முன்கூட்டியே தடுப்பது எப்படி' என்ற என் கட்டுரையை வாசித்து முடித்தேன். மேடம் மைக்கைப் பிடித்தார்.

"பிழை எப்படி வரும்னு எனக்கு மதியமே செய்முறை விளக்கம் குடுத்துட்டார்" என்று ஆரம்பித்து, டீக்கடை வரை ஒன்று விடாமல் சொன்னார். அரங்கமே சிரித்தது. மூன்றாவது வரிசையில் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட ஒருத்தி, இரண்டு வருடம் கழித்து எனக்கு மனைவியானாள்.

இன்றும் நான் ஓட்டலுக்குக் கூட்டிப் போகிறேன் என்றால், என் குடும்பம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் காரில் ஏறுகிறது.