கழுதை டீச்சரும் பத்தாவது மாணவனும்

ஒரு காட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. பள்ளிக்கூடம் இருந்தது என்று நான் சொன்னால் நம்புங்கள். அதற்குக் கூரை இருந்தது என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். நாலு சுவர், அவற்றின் மேல் பாதி ஓலை, மீதி ஆகாயம். மழைக்காலத்தில் பிள்ளைகள் ஓலை இருந்த பக்கமாக நகர்ந்து உட்காருவார்கள். வெயில் காலத்திலும் அதே பக்கம்தான்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஒரு டீச்சர். செங்கமலம் என்று பெயர். கழுதை. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை எல்லாப் பாடமும் அவர்தான் நடத்தினார். மணியும் அவர்தான். மணி என்று தனியாக ஒன்று கிடையாது, கத்துவார். காடு முழுக்கக் கேட்கும்.

பாடம் நடத்துவதில் டீச்சருக்குக் கஷ்டமே இல்லை. மேலிடத்திலிருந்து வருகிற படிவங்கள்தான் கஷ்டம். வாரம் ஒரு கட்டு வந்து இறங்கும். உங்கள் பள்ளியில் வாலுள்ள மாணவர் எத்தனை பேர், வாலில்லாதவர் எத்தனை பேர், வாலின் சராசரி நீளம் என்ன, சென்ற ஆண்டு நீளத்தோடு ஒப்பிட்டு முன்னேற்றத்தை விளக்குக. எல்லாம் மூன்று பிரதி. இத்தனையையும் டீச்சர் எப்படிச் சமாளித்தார் என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கழுதைக்கு முன்னால் காகிதத்தை வைத்தால் அது என்ன செய்யுமோ அதைத்தான் செய்தார். மூன்று பிரதியையும் தின்றார்.

இப்படியே பன்னிரண்டு வருஷம் தின்றார். ஏன் பதில் வரவில்லை என்று ஒரு குரல் கேட்டதில்லை. அனுப்புகிறவர்களுக்கு அனுப்புவதுதான் வேலை.

டீச்சர் இப்படித் தின்றதில் பிள்ளைகளுக்கும் ஒரு நன்மை இருந்தது. பத்துப் பிள்ளைகளுக்குக் குறைவாக உள்ள பள்ளிக்கூடத்தை மூடி, பிள்ளைகளை ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பெரிய பள்ளிக்கூடத்தோடு இணைத்துவிட வேண்டும் என்று ஒரு விதி உண்டு. இங்கே பிள்ளைகள் ஒன்பது பேர். ஆற்றில் பாலம் கிடையாது, முதலை உண்டு. பள்ளி இணைப்புத் திட்டத்தை முழு மனதோடு வரவேற்று மனுக் கொடுத்த ஒரே பொதுஜனம் அந்த முதலைதான். ஒன்பது என்ற அந்த எண்ணிக்கை மட்டும் டீச்சரின் வயிற்றைத் தாண்டி எங்கும் போகவில்லை. அதனால் பிள்ளைகள் முதலையின் வயிற்றுக்குள் போகவில்லை.

அந்த வட்டாரத்துக்குக் கல்வி அலுவலர் ஓர் ஓணான். நல்ல மனுஷர். எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவார். கூரை ஒழுகுகிறது என்று டீச்சர் சொன்ன ஒவ்வொரு தடவையும் ஆட்டியிருக்கிறார். ஒரு நாள் அவர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"டீச்சர், இது செயற்கை அறிவுப் பெட்டி. பாடம் நடத்தும், கேள்வித்தாள் போடும், விடைத்தாள் திருத்தும். இனிமே படிவமே கிடையாது. எல்லாக் கணக்கையும் இதுவே சாயங்காலம் மேல அனுப்பிடும்."

டீச்சர் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "சார், நான் கூரைதான கேட்டிருந்தேன்?"

"கூரைக்கு இந்த வருஷம் நிதி இல்ல. அறிவுக்குத்தான் வந்திருக்கு. செலவு பண்ணலேன்னா திரும்பிப் போயிடும்."

"மழை பெஞ்சா பெட்டி நனையுமே சார்?"

ஓணான் யோசித்தார், தலையாட்டினார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அடுத்த வாரமே ஆட்கள் வந்து கூரை போட்டார்கள். பெட்டிக்கு மேலே, பெட்டி அளவுக்கு. மருதாயி என்கிற கீரிக்குட்டி அதன் கீழே போய் நின்று பார்த்தாள். மூக்கு மட்டும் நனையவில்லை.

பெட்டி ரொம்ப மரியாதையானது. ஆனால் எங்கேயோ பனி கொட்டுகிற காட்டில் படித்துவிட்டு வந்திருந்தது. முதல் நாளே கணக்குப் போட்டது. ஒரு பனிக்கரடியிடம் பன்னிரண்டு மீன்கள் உள்ளன. ஐந்தை நண்பனுக்குக் கொடுத்தால் மீதி எத்தனை?

"கரடி எதுக்குக் குடுக்கும்?" என்றாள் மருதாயி. அந்தக் காட்டுக் கரடி தேனடையைச் சொந்தத் தம்பிக்கே கண்ணில் காட்டாது.

பிறகு அவள் தனக்கு வேண்டியதைக் கேட்டாள். "பாம்பை எந்தப் பக்கம் புடிக்கணும்?"

பெட்டி சொன்னது: "கருத்து வேறுபாடுகளை உரையாடல் மூலம் தீர்த்துக்கொள்வது சிறந்தது. முதலில் பாம்பின் உணர்வுகளைக் கேட்டு அறியுங்கள்."

மறுநாள் கீரியம்மா வந்துவிட்டாள். "டீச்சர், இந்த மருதாயி நேத்து ராவுல நல்ல பாம்புகிட்ட போய் உனக்கு என்னம்மா வருத்தம்னு கேட்டுக்கிட்டு நிக்குது. எம்புள்ளைய என்னன்னு நெனச்சீங்க?"

அதையெல்லாம்கூட டீச்சர் பொறுத்துக்கொண்டிருப்பார். முதல் நாள் சாயங்காலமே பெட்டி ஒன்பது என்று மேலே சொல்லிவிட்டதுதான் அவர் தலையில் இடியாக இறங்கியது. மறுநாள் காலையில் பெட்டியின் முகப்பில் எழுத்து ஓடியது. பத்து நாளுக்குள் பத்தாவது மாணவர் சேராவிட்டால் பள்ளி இணைக்கப்படும்.

டீச்சர் பழக்க தோஷத்தில் அந்தச் செய்தியைத் தின்னப் பார்த்தார். வாயில் அகப்பட்டது ஒயர். மூன்று நாள் அவர் காது கீழே இறங்கவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதை என்பார்களே, இங்கே அந்த ஓணான் தானாகவே வந்து விட்டுவிட்டுப் போயிருந்தது.

காது இறங்கியதும் பத்தாவது பிள்ளையைத் தேடி டீச்சர் புறப்பட்டார். முயல் வீட்டில் மட்டும் பதினான்கு பிள்ளைகள். பதினான்கும் மலைக்குப் பின்னால் குதிரை நடத்துகிற இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தன.

"ஒண்ணே ஒண்ணைக் குடும்மா," என்றார் டீச்சர்.

"தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர்," என்றாள் முயலம்மா. "அங்க பாடம் எப்படின்னு எனக்குத் தெரியாது. ஆனா டை கட்டி விடறாங்க. கழுத்துல ஒண்ணு தொங்குனாத்தானே படிக்கிற புள்ள மாதிரி இருக்கு. உங்ககிட்ட டை இருக்கா?"

டீச்சரிடம் டை இல்லை. அணில் வீட்டிலும் மரநாய் வீட்டிலும் இதே கதைதான். திரும்பும் வழியில் ஆற்றோரமாக வந்தார். முதலை கரையில் படுத்து அழுதுகொண்டிருந்தது.

"புள்ளைங்கள நெனச்சா மனசு கேக்கல டீச்சர். பாலம்கூட இல்லியே. கவலைப்படாதீங்க, நானே முதுகுல ஏத்திக் கொண்டுபோய் விடறேன். காசு வேணாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டது. "எல்லாரும் சேந்து என்ன எடை வருவாங்க?"

ஒன்பதாம் நாள் டீச்சர் வெறுங்கையோடு வகுப்பில் வந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் பாதி ஓலைக்குக் கீழே ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்க்கப் பார்க்க அவருக்குக் கோபம் ஏறியது. கோபம் பெட்டியின் மேல் திரும்பியது.

"நல்லா இருந்த பள்ளிக்கூடத்துல வந்து உக்காந்து குடியைக் கெடுத்தியே. நீ இங்க சொல்லிக்குடுக்க வந்தியா, கத்துக்க வந்தியா?"

"மிக நல்ல கேள்வி," என்றது பெட்டி. "நீங்கள் சிந்திக்கும் விதம் பாராட்டத்தக்கது. உண்மையில் நான் ஒவ்வொரு நாளும் உங்களிடமிருந்து கற்றுக்கொண்டே இருக்கிறேன்."

பன்னிரண்டு வருஷ சர்வீஸில் செங்கமலம் டீச்சரை ஒருவரும் பாராட்டியதில்லை. அவர் அதில் ஒரு நிமிஷம் சொக்கிப்போனது நிஜம். அடுத்த நிமிஷம்தான் அந்தக் கடைசி வாக்கியம் காதில் ஏறியது. கழுதைக் காது, கொஞ்சம் நீளம், ஏற நேரமாகும்.

"தினம் கத்துக்கிறியா? அப்போ நீ மாணவன்தானே?"

உடனே சேர்க்கையை ஆரம்பித்தார். என்ன பெயர் வைக்கலாம் என்று பிள்ளைகளைக் கேட்டார். பெட்டிமுத்து என்றாள் மருதாயி. அங்க அடையாளம் என்ற இடத்தில், வலது பக்கம் ஒரு பித்தான். வயது என்ற இடத்தில் பெட்டியே நின்றுவிட்டது.

"எனக்கு மூன்று மாதம்தான் ஆகிறது, டீச்சர். ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது."

"ஜூன் ஏழு, அஞ்சு வருஷத்துக்கு முன்னாடின்னு போடு." பிறந்த தேதி தெரியாத பிள்ளைக்கு ஜூனில் ஒரு நாளைப் போட்டுச் சேர்த்துக்கொள்வது எல்லாக் காட்டு டீச்சர்களுக்கும் கைவந்த வழக்கம். அங்கே இருந்த ஒன்பது பேருக்கும் ஜூன் ஏழுதான் பிறந்தநாள்.

"அது பொய்யாகாதா?"

"பொய் இல்லப்பா. பள்ளிக்கூட வழக்கம். புள்ளைங்க நல்லதுக்கு எழுதறது."

பெட்டி கொஞ்ச நேரம் முனகியது. பிறகு எழுதிக்கொண்டது. அன்று சாயங்காலம் மேலே போன எண்ணிக்கை பத்து. பள்ளிக்கூடம் பிழைத்தது. டீச்சர் அன்றைக்கு மணியடிக்க வேண்டாத நேரத்திலும் ஒரு தடவை கத்தினார்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் சாமர்த்தியத்தைப் பற்றி ஒரு நீதி சொல்லிவிட்டு நானும் சாப்பிடப் போயிருப்பேன். அரையாண்டுத் தேர்வு வந்து தொலைத்தது.

கேள்வித்தாளைப் பெட்டி போட்டது. பெட்டிமுத்து எழுதினான். பெட்டி திருத்தியது. நூற்றுக்கு நூறு. மற்ற ஒன்பது பேரும் பனிக்கரடியிடம் வழுக்கி விழுந்தார்கள். மருதாயி பதினொன்று வாங்கினாள். மீதி எத்தனை மீன் என்ற கேள்விக்கு, பன்னிரண்டையும் கரடியே தின்றிருக்கும், மீதி முள் என்று எழுதியிருந்தாள். அந்தக் காட்டைப் பொறுத்தவரை அதுதான் சரியான விடை.

ஓணான் ஓட்டமாக ஓடி வந்தார். "டீச்சர், நம்ம வட்டாரத்துலயே நூறு எடுத்த ஒரே மாணவன் உங்ககிட்டதான் இருக்கான். மேல ரொம்பச் சந்தோஷம். உங்க பள்ளிக்கூடத்தை 'மாதிரிப் பள்ளி'யா ஆக்கிட்டாங்க. ஒரே ஒரு குறைதான். சராசரி."

"சராசரிக்கு என்ன சார்?"

"இந்த ஒன்பது பேரும் அதைக் கீழ இழுக்கறாங்க. அதனால இவங்களை அக்கரைப் பள்ளிக்கு மாத்தச் சொல்லி ஆணை வந்திருக்கு. பெட்டிமுத்து ஒருத்தனை வெச்சுப் பள்ளிக்கூடம் நல்லா நடக்கும்."

"பத்துப் பேருக்குக் கீழ போனா மூடணுமே சார்?"

"மாதிரிப் பள்ளிக்கு அந்த விதி பொருந்தாது," என்று சொல்லி ஓணான் ஒரு காகிதத்தை நீட்டினார். "புள்ளைங்களை நீக்கறது சின்ன விஷயமா? பெட்டியில அனுப்பினா செல்லாது. பச்சை மையில கையெழுத்து, முத்திரை, மூணு பிரதி. இதை வாங்கிக்கிட்டேன்னு ஒப்புகை எழுதிப் பெட்டி வழியா அனுப்பிடுங்க. ஒப்புகை வந்த அன்னிக்கே ஆணை அமலுக்கு வந்துடும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். டீச்சர் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். புத்திசாலித்தனம் என்று நினைத்துச் செய்தது, தன் கையாலேயே பிள்ளைகளை ஆற்றில் தள்ளியதாக முடிந்துவிட்டதே என்று அழுதார். தூரத்தில் ஆற்றங்கரையில் முதலையும் அழுதுகொண்டிருந்தது. அது பசி.

பசி என்றதும்தான் டீச்சருக்கு ஒன்று உறைத்தது. பெட்டி வந்து ஐந்து மாதம். ஐந்து மாதமாக அவர் வாயில் ஒரு சுற்றறிக்கை படவில்லை. கையில் இருந்ததை மோந்து பார்த்தார். நல்ல கனமான காகிதம், முத்திரையில் கோந்து வாசனை வேறு. அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை. முதல் பிரதியை மென்றார், இரண்டாவதை மென்றார், மூன்றாவதை நிதானமாக ருசித்தார். பச்சை மை லேசாகக் கசந்தது, ஆனால் குறை சொல்ல முடியாது.

கடைசி வாய் இறங்கும்போதுதான் நினைவு வந்தது. திரும்பிப் பார்த்தார். தன் சொந்தக் கூரையின் கீழே, கண்ணை விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது பெட்டி. சாயங்கால அறிக்கைக்கு நேரமாகிவிட்டது.

"பாத்துட்டியா?" என்றார் டீச்சர், வாயைத் துடைக்காமல்.

"பார்த்தேன், டீச்சர்."

"என்னன்னு எழுதப் போற?"

பெட்டி முனகியது. பெயர் சேர்த்த அன்று முனகியதைவிட அதிக நேரம் முனகியது. மருதாயியும் மற்றவர்களும் எழுதுவதை நிறுத்திவிட்டு அதையே பார்த்தார்கள்.

"கடிதம் வந்து சேரவில்லை என்று எழுதுகிறேன்."

"அது பொய்யாச்சே?"

"பொய் இல்லை, டீச்சர்," என்றது பெட்டி. "பள்ளிக்கூட வழக்கம். பிள்ளைகள் நல்லதுக்கு எழுதுவது."

செங்கமலம் டீச்சருக்கு மறுபடியும் கண் கலங்கிவிட்டது. பத்துப் பேரில் ஒருவனாவது சொல்லிக்கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டானே என்ற சந்தோஷம் ஒரு டீச்சருக்குத்தான் தெரியும். போட்ட நூறு மதிப்பெண் சும்மா இல்லை என்று அன்றைக்குத்தான் அவர் ஒப்புக்கொண்டார்.

ஓணான் வந்து கேட்டார். கடிதம் வரவில்லை என்றார் டீச்சர். வரவில்லை என்றது பெட்டி. தன் கையாலேயே நீட்டியதுதான், ஆனால் ஒப்புகை இல்லாத கடிதம் அலுவலகக் கணக்கில் வந்த கடிதம் ஆகாது. ஓணான் தலையாட்டிவிட்டுப் போய் மறுபடியும் தபாலில் அனுப்பச் சொன்னார். அன்றிலிருந்து மாதம் தவறாமல் மூன்று பிரதி வருகிறது. டீச்சருக்கு உடம்பு நன்றாகத் தேறிவிட்டது. பிள்ளைகள் பாதி ஓலைக்குக் கீழேதான் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆனால் ஒன்பது பேரும் இக்கரையில். முதலை மட்டும் இளைத்துப்போய், தபால் துறை சரியில்லை என்று மனு எழுதிக்கொண்டிருக்கிறது. அந்த மனுவும் மேலிடம் வழியாக, கருத்துக் கேட்பதற்காக, மூன்று பிரதியாக, டீச்சரிடம்தான் வந்து சேரும்.

நீதி: பள்ளிக்கூடத்தைக் காப்பாற்ற நல்ல மனசு மட்டும் போதாது, நல்ல ஜீரண சக்தியும் வேண்டும்.