நகராத பீரோ

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றதும், பீரோவுக்குத் தோள் கொடுத்து முக்கிக்கொண்டிருந்த கணக்கர் சட்டென்று விலகி, கட்டிலில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

படுக்கையறைக்கு இருந்தது ஒரே ஜன்னல். மைத்துனன் பரிசாகக் கொண்டுவந்து இறக்கிய இரும்பு பீரோ அதை அடைத்துக்கொண்டு நின்றது. காற்றில்லாமல் கணக்கருக்குத் தூக்கம் போயிற்று. ஆபீசில் கூட்டல் தப்பியது. இன்னொரு தரம் தப்பினால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். பீரோவைக் கொஞ்சம் நகர்த்தலாமா என்று மனைவியிடம் கேட்டுப் பார்த்தார்.

"என் தம்பி ஆசையா வச்ச இடம். அங்கேயே இருக்கட்டும்."

அதற்கு மேல்முறையீடு கிடையாது. ஆனால் அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று கணக்கர் நம்பினார். அவள் குளிக்கும் நேரத்தில் தினமும் ஒரு விரற்கடை தள்ளினால், அவளுக்குத் தெரியாமலே ஜன்னல் திறந்துவிடும் என்பது அவர் போட்ட கணக்கு.

வாரக்கணக்கில் தள்ளியும் ஒரு கீற்று வெளிச்சம் வரவில்லை. தரையில் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தார். காலையில் கோட்டைத் தாண்டும் பீரோ, அவர் வேலை முடிந்து வரும்போது மறுபடி கோட்டிலேயே நின்றது.

தரைதான் சரிவு என்று, மனைவி கடைக்குப் போன சமயம் கொத்தனாரை அழைத்துவந்தார். கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்த்து, தரையில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டு, அவரைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்.

மறுநாள் பீரோவின் காலடியில் சோப்புத் தண்ணீர் விட்டார். பீரோ இருந்த இடத்தில் இருந்தது, கணக்கர்தான் கட்டிலுக்கடியில் போய்ச் சேர்ந்தார். இடுப்புக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட மனைவி, எப்படி விழுந்தார் என்று கேட்கவே இல்லை.

பிறகு, பீரோ திரும்பி வராமலிருக்க மரத்துண்டை முட்டுக் கொடுத்தார். பீரோ சாய்ந்து கதவு இறுகிக்கொண்டது. சட்டைகளெல்லாம் உள்ளே மாட்டிக்கொள்ள, முந்தின நாள் சட்டையோடு ஆபீஸ் போனார். மேலாளர் முன்னால் கோப்பை நீட்டியபோது கால்சட்டை நழுவியது. ஒரு கையில் கோப்பும் ஒரு கையில் இடுப்புமாக நின்று திட்டு வாங்கினார். அந்தக் கோபத்தை எல்லாம் தையல்காரரிடம் கொட்டினார்.

"அளவு சரியாத்தான் சார் இருக்கு" என்றார் தையல்காரர். "நீங்கதான் அளவுல இல்லை."

கணக்கர் விடவில்லை. ஒரு தரம் தள்ளியதை இரண்டு தரமாக்கினார். இரவில் அடித்துப் போட்டாற்போலத் தூங்கினார், ஆபீசில் கூட்டலும் தப்பவில்லை. பீரோ மேலிருந்த ஆத்திரத்தில் இதையெல்லாம் அவர் கவனிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் இரண்டு சுமைகூலிகளோடு வந்து நின்றான். கணக்கருக்கு மானம் ரோஷமெல்லாம் போய்விட்டது. கிட்டத்தட்ட அழுதேவிட்டார்.

"மாப்ளே, உனக்குப் புண்ணியமாப் போகும், இதைத் தூக்கிட்டுப் போயிடு. நானும் எத்தனை நாள்தான் தள்ளுறது?"

மைத்துனன் அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"தூக்கிட்டுப் போகத்தான் அத்தான் வந்தேன். தினமும் நடங்கன்னு டாக்டர் தலைதலையா அடிச்சுக்கிட்டும் நீங்க அசையலைன்னுதான் அக்கா இதைக் கேட்டு வாங்கினா. இப்போ நீங்க தள்ளுறதைத் தினமும் மத்தியானம் திருப்பித் தள்ள அவளுக்குத்தான் தெம்பு இல்லையாம்."