பெருமாநல்லூரில் நான் குடிக்காத தண்ணீர்

படிக்காதவன் ஒரு தவறு செய்தால் வாயை மூடிக்கொண்டு திட்டு வாங்குவான். படித்தவன் தவறு செய்தால் ஆதாரம் காட்டுவான். இருபத்தோரு வயதில் நான் என் அக்காவுக்கு வந்த சம்பந்தத்தைக் கெடுத்தபோது, ஆதாரம் என் சட்டைப்பையிலேயே இருந்தது. நீல அட்டை போட்ட சின்னப் புத்தகம். ஆங்கிலம்.

எழுபதுகளின் தொடக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் பேக்கிங் பகுதியில் நான் குமாஸ்தா. பனியன்களை டஜன் டஜனாகச் சுற்றிக் கட்டப் பழைய காகிதம் எடைக்கு வாங்குவோம். கொச்சியிலிருந்து மூட்டையாக வரும் அந்தக் காகிதத்தில் வெள்ளைக்காரப் பத்திரிகைகள், கப்பல் விளம்பரங்கள் எல்லாம் கலந்திருக்கும். மூட்டையைப் பிரிக்கிற காதர் பாய், நல்ல படம் போட்டது ஏதாவது கண்ணில் பட்டால் எனக்கென்று எடுத்து வைப்பார். கம்பெனியில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவர் முதலாளியின் மருமகன் (அவர் தேறினாரா என்பதை யாரும் கேட்டதில்லை).

அப்படிக் கிடைத்ததுதான் அந்தப் புத்தகம். உல்லாசக் கப்பலில் போகிறவர்கள் கரீபியன் தீவுகளின் துறைமுகங்களில் இறங்கும்போது எதைத் தின்னலாம், எதைக் குடிக்கக் கூடாது என்று யாரோ ஒரு கப்பல்காரர் அச்சடித்துக் கொடுத்தது. பத்து நிமிடம் கொதிக்காத தண்ணீரைத் தொடாதே. ஐஸ் ஆகாது. வெட்டி வைத்த பழம் ஆகாது. காய்ச்சாத பால் ஆகாது. கையால் பிசைந்து ஆறிப்போன பண்டம் ஆகவே ஆகாது. கரீபியன் எங்கே இருக்கிறது என்று பள்ளிக்கூட வரைபடத்தைத் தேடியெடுத்துப் பார்த்தேன். அதுவரை நான் கண்ணால் கண்ட பெரிய நீர்ப்பரப்பு வெள்ளம் வந்த நொய்யல்தான்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. என் அப்பா வாந்திபேதியில் போனவர். ஒரு சித்திரை மாதம் காலையில் கடைவீதிக்குப் போய்விட்டு நடந்து வந்தவர், மறுநாள் விடியும்போது இல்லை. எனக்கு அப்போது பதினோரு வயது. ஆகவே அந்தப் புத்தகத்தை நான் பாதி பயத்தோடும் பாதி பெருமையோடும் படித்தேன். எந்தப் பாதி பெரிது என்று இன்று கேட்டால் பெருமைதான் என்று ஒப்புக்கொள்கிறேன்.

வீட்டில் தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொன்னேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் நின்றேன். அம்மா இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள், "வெறகு கொண்டாந்து எறக்கறதுக்கும் உன்ற கப்பலே வருமா கண்ணு?" என்று கேட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் அக்காவுக்குச் சம்பந்தம் வந்தது. மயிலாத்தாள் என் ஒரே அக்கா. எங்கள் கம்பெனியிலேயே பனியனில் பிசிறு வெட்டுகிற வேலை. வயது இருபத்தாறு ஆகியிருந்தது. அந்தக் காலத்தில் அது ஊரே கூடிக் கவலைப்படுகிற வயது. அதற்கு முன் மூன்று இடம் வந்து, தகப்பன் இல்லாத வீடு என்று திரும்பிப் போயிருந்தது. நான்காவதாக வந்தவர் பழனிச்சாமி, எங்கள் கம்பெனியில் டெய்லர். பெருமாநல்லூரிலிருந்து தினமும் சைக்கிளில் வருவார். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதைப் பார்த்தவர் இல்லை. ஆனால் முந்தைய மூன்று இடத்துக்கும் வாயே திறக்காத அக்கா, இந்தப் பேச்சு வந்ததும் அம்மாவிடம், "சரீன்னு சொல்லீருங்கம்மா" என்றாள். எங்கள் வீட்டில் அவள் தனக்காக எதையும் கேட்டு நான் பார்த்தது அது ஒரு தடவைதான்.

மாப்பிள்ளை வீடு பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போவதாக ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு முறை உண்டு. சம்பந்தம் பிடித்திருந்தால் அந்த வீட்டில் கை நனைக்க வேண்டும், அதாவது உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பிடிக்கவில்லை என்றால் அதை வாயால் சொல்லத் தேவையில்லை. கொடுத்த தண்ணீரைக்கூடத் தொடாமல் எழுந்து வந்துவிட்டால் போதும், அவர்கள் புரிந்துகொள்வார்கள். அம்மா கணவனை இழந்தவள் என்பதால் இப்படிப்பட்ட காரியத்துக்குக் கிளம்பக் கூடாது என்று அந்தக் காலம் சொல்லியது. நானும் அம்மாவின் கூடப்பிறந்த சின்னு மாமனும் போனோம். பஸ்ஸில் மாமன் என் தொடையைத் தட்டி விளக்கினார்.

"கண்ணு, நான் பழனிக்கு நடக்கறதா வேண்டீருக்கறேன். பொழுது எறங்கற வரைக்கும் எச்சல் முழுங்கறதோட சரி. அவிய ஊட்டுல நீதான் கை நனைக்கோணும். தெரியுமல்லோ?"

"தெரியுமுங் மாமா."

தெரிந்துதான் இருந்தது. அதற்கு ஒரு வழியும் வைத்திருந்தேன். புத்தகத்தில் ஒன்பதாம் பக்கம்: உன் கையாலேயே தோல் உரிக்கிற பழத்தைப் பயப்படாமல் தின்னலாம். எந்த வீட்டில் வாழைப்பழம் இல்லாமல் போகும்? ஒரு பழம் தின்றால் முறையும் கெடாது, வயிறும் கெடாது. தண்ணீருக்கு என் மஞ்சள் பையில் ஒரு பாட்டில். சலவைப் பகுதியில் ரசாயனம் வந்து இறங்கிய கண்ணாடி பாட்டில் அது. ஏழு தடவை வெந்நீர் ஊற்றிக் கழுவியிருந்தேன். ஒட்டியிருந்த காகிதம் மட்டும் முழுதாக வரவில்லை.

பழனிச்சாமியின் அம்மா இராமாத்தாள் வாசலுக்கே வந்து எங்களை அழைத்தார். அவரும் கணவனை இழந்தவர். பித்தளைச் சொம்பு கண்ணாடி மாதிரி துலங்கியது. "வாங்க, வாங்க. மொதல்ல தண்ணி குடிங்க தம்பி."

"தண்ணி கொதிச்சதுங்களா?" என்று கேட்டேன்.

அவர் சொம்பைக் கொஞ்சம் இறக்கினார். "ஏனுங்க, குளிக்கறீங்களா?"

வேண்டாம் என்றேன். மோர் வந்தது. வேண்டாம் என்றேன். பப்பாளி நறுக்கி வந்தது. அதைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினேன். பிறகு இலை போட்டுச் சந்தகை வைத்தார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: இடியாப்பம் போலத்தான், ஆனால் பெரிய மரக்கட்டை அச்சில் ஆள் தொங்கி அழுத்திப் பிழிய வேண்டும். நல்ல ஒறம்பரை, அதாவது உறவுக்காரர்கள், வந்தால்தான் அந்தப் பாட்டைப் படுவார்கள். விடியலில் எழுந்து பிழிந்தவர் மாப்பிள்ளையேதான். கதவோரம் நின்றவரின் உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன. மேலே காய்ச்சாத தேங்காய்ப்பால் ஊற்றியிருந்தது. புத்தகம் சொன்ன அத்தனை குற்றமும் ஒரே இலையில்!

"நான் ஒரு வாழைப்பழம் மட்டும் எடுத்துக்கறேனுங்க" என்றேன்.

எடுத்தேன், உரித்தேன், தின்றேன். மாமன் என் தொடையைக் கிள்ளினார். "தின்னு கண்ணு."

"இல்லீங் மாமா, புத்தகத்துல போட்டிருக்குதுங்க."

"எந்தப் பொஸ்தகம்டா?"

இப்படி ஒரு கேள்வியை என்னைப் போன்றவனிடம் கேட்கக் கூடாது. புத்தகத்தை எடுத்தேன். எழுந்து நின்றேன் (யாரும் நிற்கச் சொல்லவில்லை). பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிக்கிற குரலில், ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி என்று படித்துக்காட்டினேன். படிக்கிற வேகத்தில் ஐந்தாம் பக்கமும் வந்துவிட்டது. அதையும் மொழிபெயர்த்தேன்: "உள்ளூர் ஜனங்கள் அன்போடுதான் கொடுப்பார்கள். ஆனாலும் வாங்காதீர்கள். அவர்களுக்குச் சுத்தம் என்றால் என்னவென்று தெரிந்திருக்காது."

சொல்லி முடித்தபோது தொண்டை காய்ந்திருந்தது. பையிலிருந்து பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தேன். பாட்டிலின் மீது கிழியாமல் மிச்சமிருந்தது ஒரு மண்டையோட்டுப் படம். அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் 'விஷம்'.

இராமாத்தாள் அந்தப் பாட்டிலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை, குரலை உயர்த்தவில்லை. குனிந்து இலையை அப்படியே மடித்து எடுத்தார். "வெயில் ஏறுதுங்க. பொறப்படுங்க" என்றார். கொங்குநாட்டில் இதைவிட மரியாதையாக ஒருவனை வெளியே அனுப்ப முடியாது.

மாமன் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. நடந்ததை வீட்டில் அவரே சொன்னார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்கா அழவில்லை. என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீ என்ன தின்ன?"

"வாழப்பழம்."

"ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணு."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். இரண்டு தின்றிருந்தால் மன்னித்திருப்பாளோ என்று பல வருடம் யோசித்திருக்கிறேன்.

மறுநாள் தகவல் வந்துவிட்டது. கை நனைக்காத ஒறம்பரை தங்களுக்கு வேண்டாமாம். கம்பெனியில் காதர் பாயிடம் நியாயம் கேட்டேன். புத்தகத்தில் உள்ளதைத்தானே செய்தேன், அதில் என்ன தப்பு என்று கேட்டேன். அவர் காகிதம் மடித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, அதுல கப்பல்ல இருந்து எறங்கறவன் நீன்னு நெனச்சுட்டியா? கரையில சொம்போட நிக்கறாளே ஒருத்தி, அவ உங்கம்மா இல்லியா?"

எனக்குச் சுரீரென்றது. ஆனாலும் முழுதாக உறைக்கவில்லை. மத்தியானம் பழனிச்சாமியே என் மேஜைக்கு வந்து நின்றார். சண்டைக்கு வருகிறார் என்று எழுந்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினார்.

"சந்தகை திங்காதது போச்சாதுங்க, அத உடுங்க. எங்கப்பனும் வாந்திபேதியிலதான் போனாருங்க. அதுக்கப்பறம் ஒரு வருசம் எங்கூட்டுல ஒருத்தரும் தண்ணி வாங்கிக் குடிக்கலீங்க. நேத்து நீங்க வேண்டாமுன்னதும் அம்மாவுக்கு அந்த நெனப்பு வந்துருச்சு. ராத்திரி சோறே திங்கலீங்க. அதச் சொல்லலாம்னுதான் வந்தேன்."

அவர் போன பிறகு என்னால் கணக்குச் சீட்டில் ஒரு எழுத்து எழுத முடியவில்லை. அப்பா போன பிறகு எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அம்மா சொம்போடு வாசலில் நிற்பாள். வருகிறவர்கள், "இப்பத்தானுங்க குடிச்சுட்டு வந்தேன்" என்பார்கள். அத்தனை பேரும் எப்படிச் சற்று முன்புதான் குடித்துவிட்டு வந்தார்கள் என்று பதினோரு வயதில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பத்து வருடம் கழித்து அதே காரியத்தை இன்னொரு வீட்டில், புத்தகம் பிடித்துக்கொண்டு, எழுந்து நின்று செய்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

அன்று சாயங்காலம் பழனிச்சாமி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அக்காவிடம் சொன்னேன். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "செரி" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. நடந்ததை இராமாத்தாள் பின்னாளில் நூறு தடவை சொல்லிக் கேட்டதால் நானே பார்த்த மாதிரி இருக்கிறது. கல்யாணம் பேசுகிற பெண் தனியாக மாப்பிள்ளை ஊருக்குப் போவதென்றால் அன்றைக்கு அது ஊர் சிரிக்கிற காரியம். அக்கா பஸ் ஏறிப் போய், உச்சி வெயிலில் அந்த வாசலில் நின்றாள்.

"நான் மயிலாத்தாளுங்க. தண்ணி குடிக்க வந்தேன்."

இராமாத்தாள் உள்ளே போய்ச் சொம்பைக் கொண்டுவந்தார். அக்கா வாங்கி அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள். வெறும் சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "சோறிருக்குதுங்களா?" என்றாள்.

"பழையதுதானுங்க அம்மிணி இருக்குது."

"அதையே போடுங்க."

பழையதும் சின்ன வெங்காயமும். திண்ணமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாளாம். அவள் கை கழுவ எழுந்தபோது இராமாத்தாள் தன் கையால் தண்ணீர் ஊற்றினாராம். ஊற்றும்போது இரண்டு பேருமே அழுதார்கள் என்று இராமாத்தாள் சொல்வார். தான் அழவில்லை, வெங்காயம்தான் காரணம் என்று அக்கா சொல்வாள். தை மாதம் கல்யாணம்.

கல்யாணத்துக்கு இராமாத்தாள் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. நகையோ பாத்திரமோ இல்லை. "அந்தத் தம்பிக்கு எங்கூட்டுல ஒருத்தரும் தண்ணி மோந்து குடுக்கக் கூடாதுங்க. வேணுமுன்னா அவரு வாயத் தொறந்து கேக்கோணும்." பந்தலில் முன்பின் தெரியாத வண்டிக்காரருக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தார்கள். பெண்ணின் கூடப்பிறந்தவனான எனக்குக் கொடுக்கவில்லை. இலையில் உட்கார்ந்து விக்கினேன். பந்தியே கைகட்டிக் காத்திருந்தது. கேட்ட பிறகுதான் வந்தது.

இராமாத்தாள் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. சட்டம் போகவில்லை. போன பொங்கலுக்கு நான் அங்கே போனபோது, அந்த வீட்டுக்குப் புதிதாக வந்த அக்கா பேரனின் மனைவி, பாவம், விவரம் தெரியாமல் எனக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "குடுக்காதே!" என்று வீட்டின் நாலு மூலையிலிருந்தும் சத்தம். அந்தப் பெண் பயந்து நடுக்கூடத்தில் நின்றுவிட்டாள். எனக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. பேரன் பேத்திகள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள்.

"எனக்கொரு சொம்பு தண்ணி குடுங்க அம்மிணி" என்று கேட்டேன்.

கொடுத்தாள். பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. சமையல்கட்டு வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு, நான் கடைசிச் சொட்டு வரை குடித்து முடிக்கிறேனா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.